உயரத்தில் வேலை: குவாரி, கிரஷர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரைச் சுற்றியுள்ள குவாரிகள், கல் உடைக்கும் கிரஷர்கள், டம்பர் (கல், மண் ஏற்றும் பெரிய லாரி) பழுதுபார்க்கும் பட்டறைகள் ஆகியவற்றிலிருந்து வந்த கடிதங்கள் இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: பெரிய இயந்திரங்களில் ஏறுவது, இறங்குவது, மேலே நின்று வேலை பார்ப்பது. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே விரிவாகவே பதில் தருகிறோம்.

என் கணவர் குவாரியில் டம்பர் ஓட்டுகிறார். வண்டியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. 'பெல்ட் போட்டிருந்தால் விழுந்திருக்க மாட்டார்' என்கிறார் மேஸ்திரி. அது சரியா?
– வாசகி, ஆனேக்கல்

சரியில்லை, சகோதரி. ஏணிப்படியில் ஏறி இறங்கும் அந்த இரண்டு மூன்று மீட்டரில், உடலில் கட்டிக் கயிறும் கொக்கியும் கொண்டு மாட்டும் பாதுகாப்பு பெல்ட்டால் பயன் இல்லை. கொக்கி மாட்ட இடம் இருக்காது. இருந்து மாட்டினாலும் கயிறு இறுகும் முன்பே ஆள் தரையில் கிடப்பார். அந்த இடத்தில் காப்பாற்ற வேண்டியவை படியும் கைப்பிடிக் கம்பியும்தான். உங்கள் கணவர் மேல் பழி போடுவதற்கு முன், அவர் இறங்கிய படியை யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது அடிப்படியை. டம்பரில் இது பெரும்பாலும் ரப்பர் பட்டையிலோ வயர் ரோப்பிலோ தொங்கும். கல்லில் இடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கட்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். பட்டை அறுந்தால் அதை மாற்றாமலே வண்டியை மாதக்கணக்கில் ஓட்டுவது குவாரிகளில் சகஜம். அப்போது தரைக்கும் முதல் படிக்கும் உள்ள இடைவெளி முழங்காலைத் தாண்டி இடுப்புவரை போய்விடும். மண்ணள்ளும் இயந்திரங்களின் படிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 2867 தரநிலை, முதல் படி தரையிலிருந்து 700 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது, 400 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. ஒரு டேப்பை வைத்து அளந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அளக்கும்போது வண்டி எப்போதும் நிற்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். ஜல்லி குவிந்த மேட்டில் நின்றால் சரியாகத் தோன்றும் உயரம், பள்ளத்தில் நின்றால் 200 மி.மீ. கூடிவிடும்.

அடுத்தது படியின் மேற்பரப்பு. கிரீஸ், டீசல், மழைக்காலச் சேறு இவற்றில் எது படிந்தாலும் பல் வைத்த படிகூட வழுக்கும். பல் தேய்ந்து மழுங்கிய படியை மாற்றத்தான் வேண்டும். மணல் ஒட்டிய பெயிண்ட் அடித்துச் சமாளித்தால் குவாரியில் சில வாரம்கூடத் தாங்காது. இரவு ஷிஃப்ட் என்றால் படிக்கு விளக்கும், அதைத் தரையில் நின்றே போடுவதற்கான சுவிட்சும் வேண்டும். கேபினுக்குள் மட்டும் சுவிட்ச் இருந்தால், இருட்டில் இறங்கிய பிறகு விளக்கு எதற்கு?

ஓட்டுநர் கடைப்பிடிக்க வேண்டியவை: முகம் எப்போதும் வண்டியைப் பார்த்திருக்க வேண்டும், ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும். இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை, ஆக மூன்று பிடிமானம் எந்த நொடியும் விடக் கூடாது. சாப்பாட்டுத் தூக்கும் தண்ணீர் பாட்டிலும் கையில் இருந்தால் இது நடக்காது. தோளில் மாட்டும் பை வாங்கிக் கொடுங்கள். இறங்கும் முன் சமதளம், ஹேண்ட் பிரேக்; இறங்கியதும் சக்கரத்துக்குக் கட்டை. கடைசிப் படியிலிருந்து குதிப்பதை அறவே விட வேண்டும். எட்டு மணி நேரம் உட்கார்ந்து மரத்த கால் உருளும் ஜல்லியில் விழும்போதுதான் கணுக்கால் போகிறது.

டம்பர் என்ஜின் மேல்தளத்தில் நின்று வேலை செய்யும்போது எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் ஹார்னஸ் (உடல் முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை) கொடுத்திருக்கிறோம். கொக்கியைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொள்கிறார்கள். தளம் தரையிலிருந்து மூன்றரை மீட்டர். இது போதுமா?
– டம்பர் மெக்கானிக், ஹொஸ்கோட்டே

போதாது. ஆபத்து அப்படியே இருக்க, பாதுகாப்பு இருப்பதாக மட்டும் தோன்றுகிறது. உங்கள் கேள்விக்குள் இரண்டு தவறுகள் இருக்கின்றன, இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, கைப்பிடிக் கம்பி. அது சாய்ந்து நிற்கும் ஆளைத் தடுப்பதற்கானது. அமெரிக்கத் தொழிற்சாலை விதிகளில் கைப்பிடிக் கம்பி தாங்க வேண்டிய விசை சுமார் 90 கிலோ எடைக்குச் சமம். விழும் ஆளைப் பிடித்து நிறுத்த, கொக்கி மாட்டும் பிடிப்பான ஆங்கருக்கு அதே விதிகள் கேட்பது ஓர் ஆளுக்குச் சுமார் 22 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன்னுக்கும் மேல். குழாயை முட்டு வைத்து வெல்ட் செய்த கம்பி அந்த இழுப்பில் கழன்று ஆளோடு சேர்ந்து வரும்.

இரண்டாவது, உயரம். ஹார்னஸையும் கொக்கியையும் இணைக்கும் கயிறான, அதிர்ச்சி தாங்கி வைத்த சாதாரண லேன்யார்டின் நீளம் 2 மீட்டர். விழுந்த வேகத்தில் அதிர்ச்சி தாங்கியின் தையல் பிரிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை. முதுகில் உள்ள வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். தரையில் மோதாமல் இருக்க ஒரு மீட்டர் உபரி. கூட்டினால் 6.25 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே இவ்வளவு வெற்றிடம் வேண்டும். உங்கள் கைப்பிடிக் கம்பி தளத்திலிருந்து ஒரு மீட்டர் மேலே இருந்தாலும் மொத்தம் நாலரை மீட்டர்தான். பெல்ட் ஆளை முழுதாக நிறுத்தும் முன்பே அவர் தரையிலோ டயர் மீதோ விழுந்திருப்பார்.

என்ன செய்யலாம்? எங்கள் வரிசை இதுதான். தளத்தைச் சுற்றிச் சுமார் 1.1 மீட்டர் உயரத்துக்குக் கைப்பிடியும் நடுக்கம்பியும் முழுமையாக இருந்தால் அங்கே பெல்ட்டே தேவைப்படாது. பழுதுபார்க்கக் கம்பியைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமல் விடுவதுதான் வழக்கமான கோளாறு. வேலை முடிந்த சீட்டில் கையெழுத்துப் போடும் முன் அதைப் பாருங்கள். கம்பி வைக்கவே முடியாத பக்கத்துக்கு, டம்பரை ஒட்டி நிறுத்தும் சக்கர மேடை செய்துகொள்ளுங்கள். உங்களைப் போன்ற பட்டறையில் ஒரே உயர வண்டிகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு தடவை செய்தால் வருடக்கணக்கில் பயன்படும்.

அதற்கும் வழியில்லை என்றால் கட்டுப்படுத்தும் கயிறு. தளத்தின் நடுவில் உறுதியான ஆங்கர் வைத்து, ஓரத்தை எட்டவே முடியாத அளவுக்குக் கயிற்றைக் குட்டையாக்குவது. ஆள் விழும் நிலைக்கே போக மாட்டார் என்பதால் மேற்சொன்ன கணக்குத் தேவைப்படாது. கடைசியாகத்தான் விழுந்தவரைப் பிடிக்கும் ஏற்பாடு. ஷெட்டின் கூரை உத்திரத்தில், பொறியாளர் கணக்குப் பார்த்துப் பொருத்திய தண்டவாளமும் அதில் ஓடும் சுருள்பட்டைக் கருவியும். கார் சீட் பெல்ட் போலச் சட்டென்று பூட்டிக்கொள்ளும் இது, தலைக்கு நேர் மேலே இருந்தால் 2 மீட்டருக்குள் ஆளை நிறுத்திவிடும். சரியான அளவு கருவியின் லேபிளில் இருக்கும், அதைப் படித்துவிட்டே வாங்குங்கள். தண்டவாளம் பக்கவாட்டில் தள்ளியிருந்தால் ஆள் ஊஞ்சலாடிப் போய் டம்பர் சட்டத்தில் மோதுவார். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகி வேலை செய்ய விடாதீர்கள்.

இன்னொன்று. இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட் யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே வெட்டிக் குப்பையில் போடுங்கள். விழும்போது அது விலா எலும்பையும் வயிற்றையும் நசுக்கும், ஆள் அதிலிருந்து நழுவியும் விடலாம். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் ஹார்னஸ் மட்டுமே, ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரநிலை முத்திரை பார்த்து.

கிரஷர் மேடைகளும் ஏணிகளும் செய்து கொடுக்கிறோம். வாங்குபவர்கள் 'ஏதோ ஒரு ஏணி வை' என்கிறார்கள். என்ன அளவில் செய்வது?
– ஃபேப்ரிகேஷன் பட்டறை, பீன்யா

இப்படிக் கேட்டதற்கே நன்றி. குவாரியில் ஒருவர் விழுவாரா மாட்டாரா என்பதில் பாதி உங்கள் பட்டறையில் முடிவாகிவிடுகிறது.

தினமும் ஏறும் இடமென்றால் ஏணியைத் தவிர்த்துப் படிக்கட்டு வையுங்கள், 30 முதல் 45 டிகிரிக்குள். எண்ணெய் கேனும் ஸ்பேனர் பையும் தூக்கிக்கொண்டு நேர் ஏணியில் ஏற முடியாது. இடமில்லாமல் நேர் ஏணிதான் என்றால் படிகளுக்கு இடையே 300 மி.மீ., எல்லாம் ஒரே அளவில். ஒரு படி மட்டும் 40 மி.மீ. கூடினாலும் கால் தவறும். படிக்குப் பின்னால் சுவர் வரை 180 மி.மீ. இடம் விடுங்கள், இல்லையென்றால் நுனிக்காலில்தான் நிற்க முடியும். பக்கக் குழாய்கள் மேடைக்கு மேல் 1.1 மீட்டர் நீண்டிருக்க வேண்டும். மேலே போய்க் கால் வைக்கும் அந்த நொடியில் பிடிக்க ஏதாவது வேண்டுமே.

ஏணி வாயில் சங்கிலி போடாதீர்கள். இரண்டாம் நாளே யாரும் மாட்ட மாட்டார்கள். ஸ்பிரிங் வைத்துத் தானாக மூடும், மேடைப் பக்கம் திறக்கும் சின்னக் கதவு வையுங்கள். ஏணியைச் சுற்றிய வளையக் கூண்டை நம்பியும் இருக்க வேண்டாம். கூண்டு விழும் ஆளை நிறுத்துவதில்லை, இடித்துக்கொண்டே கீழே அனுப்புகிறது. அமெரிக்காவின் பொதுத் தொழிற்சாலை விதிகள், 2018 நவம்பருக்குப் பிறகு பொருத்தும் 7.3 மீட்டருக்கு மேற்பட்ட ஏணிகளில் கூண்டைப் பாதுகாப்பாகவே கணக்கிடுவதில்லை. அந்த உயரத்துக்கு ஏணியோடு ஓடும் தண்டவாளமும் அதில் மாட்டும் பிடிப்பானும் தேவை.

மேடைத் தரைக்குப் புடைப்புள்ள இரும்புத் தகடான செக்கர் பிளேட்டைவிட, இடைவெளி விட்ட கம்பிச் சட்டமான கிரேட்டிங் நல்லது. கல்தூள் கீழே உதிர்ந்துவிடும். பிளேட்டில் தேங்கி மழையில் களிம்பாகிவிடும். ஒவ்வொரு கிரேட்டிங் துண்டையும் நான்கு மூலையிலும் கிளிப் போட்டுப் பூட்டுங்கள். பூட்டாத துண்டு அதிர்ந்து நகர்ந்து ஒருநாள் பொறியாகிவிடும். ஓரத்தில் 100 மி.மீ. உயரத் தடுப்புப் பட்டை (டோ பிளேட்), ஸ்பேனர் உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழாமலிருக்க.

கிரஷரில் மட்டும் வரும் ஒரு விஷயம்: மேடையை அதிரும் ஜல்லடையின் உடலோடு வெல்ட் செய்யவே கூடாது. தனிக் கால்களில் நிற்க வேண்டும். சேர்த்து வெல்ட் செய்தால் சில மாதங்களில் வெல்ட் ஓரத்தில் முடிபோல விரிசல் விழும், பெயிண்டுக்கு அடியில் என்பதால் கண்ணில் படாது. துருக்கோடு தெரிந்தால் அது விரிசல் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள்.

எம்-சாண்ட் ஏற்றும் டிப்பர்களில் தார்ப்பாய் கட்ட டிரைவர்கள் சுமை மேல் ஏறி நடக்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?
– லாரி உரிமையாளர், சிக்கபள்ளாபூர்

இருக்கிறது. பாடியின் பக்கத்தில் கைப்பிடி சுற்றி விரிக்கும் உருளைத் தார்ப்பாய் பொருத்தினால் தரையிலிருந்தே மூடலாம். பழைய வண்டிகளுக்கும் பொருத்த முடியும். குவாரிக்காரரிடம் பேசி, எடைமேடைக்குப் பக்கத்தில் லாரி உள்ளே நுழைந்து நிற்கும் இருபக்க மேடை ஒன்று போடச் சொன்னால் எல்லா வண்டிக்கும் உதவும். லோடர் பக்கெட்டில் ஆளை ஏற்றித் தார்ப்பாய் கட்டுவது சுமை மேல் ஏறுவதைவிட மோசம். பக்கெட்டில் கம்பி இல்லை. லீவர் ஒரு விரல் அசைந்தால் கவிழும். ஹோஸ் வெடித்தால் சடாரென்று இறங்கும்.

ஜா கிரஷர் (இரண்டு தாடைகளுக்கு நடுவே கல்லை நசுக்கும் இயந்திரம்) வாயில் பெரிய கல் மாட்டிக்கொண்டால் ஹெல்பர் உள்ளே இறங்கிக் கடப்பாரையால் நெம்புகிறார். பெல்ட் கட்டினால் போதுமா?
– சூப்பர்வைசர், ஜிகணி

பெல்ட்டோடு இறங்கினாலும் மோட்டார் ஓடினால் தாடை காலைப் பிடித்துக்கொள்ளும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவி இறங்குபவர் பையில்தான் இருக்க வேண்டும். கல்லை உள்ளே தள்ளும் ஃபீடருக்கும் அப்படியே. ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரம் முழுக்க நிற்கும்வரை காத்திருங்கள். கல் இறுகி நிற்கும்போது மோட்டார் அணைந்திருந்தாலும் தாடையில் விசை தேங்கியிருக்கும். கல் உடைந்ததும் அது சட்டென்று நகரும். கல் கொட்டும் தொட்டியான ஹாப்பர் பக்கத்திலிருந்து டிப்பர் கொட்டாதபடி ஆள் நிறுத்துங்கள்.

இதெல்லாம் செய்தும் இறங்குவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். கிரஷர் வாய்க்கு மேல், கல்லை இடித்து உடைக்கும் ராக் பிரேக்கர் கை பொருத்தலாம். அதற்குப் பணமில்லை என்றால் குவாரி முகத்திலேயே கல்லைச் சிறிதாக உடைத்து, ஹாப்பர் மேல் வாய்க்கு ஏற்ற இடைவெளியில் கம்பித் தடுப்பு வையுங்கள். வாயைவிடப் பெரிய கல் உள்ளே போகாவிட்டால் யாரும் இறங்க வேண்டிவராது.

ஹார்னஸில் தொங்கிக்கொண்டிருக்கும் ஆளை எவ்வளவு நேரத்தில் இறக்க வேண்டும்?
– வாசகர், கே.ஜி.எஃப்.

சில நிமிடங்களில். அசையாமல் தொங்கும்போது தொடைப் பட்டை இறுகி, காலில் ரத்தம் தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து மயக்கம் வரும். 112க்கு அழைக்க வேண்டும், ஆனால் தீயணைப்பு வண்டி குவாரிக்கு வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. வேலை தொடங்கும் முன்பே யார், எந்த ஏணியால் அல்லது எந்தக் கருவியால் இறக்குவார் என்று முடிவு செய்து ஒருமுறை செய்தும் பார்த்திருக்க வேண்டும். அது முடியாத இடத்தில் அந்த வேலையைத் தொடங்கக் கூடாது. ஹார்னஸ் பக்கத்தில் சிறிய பையில் மடித்த கால்மிதிப் பட்டை வைத்துக்கொண்டால், தொங்குபவர் அதில் கால் ஊன்றி எழுந்து ரத்த ஓட்டத்தைக் காக்கலாம். இறக்கியவரைப் படுக்க வையுங்கள். உட்கார வைத்தே இருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கு ஆதாரமில்லை என்று பிரிட்டனின் பணிப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட 2009 ஆய்வு சொல்லிவிட்டது. மயங்கியிருந்தால் மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பதுதான் முதல் வேலை.

வெல்டருக்கும் அதே ஹார்னஸ் கொடுக்கலாமா? துவைக்கலாமா?
– வாசகர், பொம்மசந்திரா

வெல்டிங் பொறியில் சாதாரணப் பாலியெஸ்டர் பட்டை உருகும். அவர்களுக்கு வெப்பம் தாங்கும் அராமிட் நூல் ஹார்னஸும் எஃகு வயர் லேன்யார்டும் தனியாக வாங்குங்கள். துவைக்க மிதமான சோப்பும் பச்சைத் தண்ணீரும் போதும், பிளீச்சிங் கூடாது, நிழலில் உலர்த்துங்கள். தையல் பிரிந்தது, பட்டை விறைத்தது, கொக்கி நாக்கு தானாக மூடாதது, லேபிள் படிக்க முடியாதது எல்லாம் ஒதுக்க வேண்டியவை. ஒருமுறை ஆளைத் தாங்கிய ஹார்னஸையும் லேன்யார்டையும், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், இன்னொருவர் எடுக்க முடியாதபடி வெட்டிப் போடுங்கள்.