பெட்டியை அடுக்குவது யார்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கே சென்றாலும் நானும் மனைவியும் ஒரே பெட்டியில்தான் துணிமணிகளை எடுத்துச் செல்வோம். வரும் மே மாதம் பாரிஸ் செல்லவிருக்கிறோம். இம்முறை தனக்குத் தனிப் பெட்டி வேண்டும் என்று மனைவி பிடிவாதமாக இருக்கிறார். ஒரே பெட்டி தொலைந்துபோனால் இருவருக்குமே மாற்றுத் துணி இருக்காது என்கிறார். உண்மைக் காரணம் வேறு என்று தோன்றுகிறது. சென்ற முறை ஊட்டிக்குப் போனபோது என் ஷேவிங் செட்டை எடுத்து வைக்க மறந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ஒரே பெட்டி என்பது தம்பதியரின் நெருக்கம் அல்லவா? உன்னுடையது, என்னுடையது என்று பிரிப்பது மேல்நாட்டுப் பழக்கம் அல்லவா? செலவும் மிச்சமாகிறது. அவருக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

கோவை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டு வேலைகளில் எவை இயந்திரங்களால் குறைந்தன, எவை அப்படியே நின்றுவிட்டன என்று சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இவ்வளவு விரைவாகப் பதில் எழுதுகிறேன்.

மேல்நாட்டுப் பழக்கம் என்ற வாதத்தை விட்டுவிடுவோம். பாரிஸுக்கே சுற்றுலா போகிறவர் அதைப் பேசுவது பொருத்தமாக இல்லை. செலவு மிச்சம் என்பதும் கணக்குக்கு ஒத்துவராது. உங்கள் பயணச்சீட்டில் ஆளுக்கு 23 கிலோ அனுமதி இருக்குமானால், இருவருடைய 46 கிலோவையும் ஒரே பெட்டியில் கொண்டுபோக முடியாது. பெட்டிகளைத் தூக்கி ஏற்றும் தொழிலாளர்களின் முதுகைக் கருதி, எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பெரும்பாலான விமான நிறுவனங்களின் விதி. 23 கிலோவைத் தாண்டினாலே பலர் கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.

உங்கள் மனைவியின் அச்சம் நியாயமானது. பெட்டி தொலைந்தால் விமான நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டை 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை வரையறுக்கிறது. இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கை இழப்பீட்டின் உச்சவரம்பைப் பெட்டிக்கு இவ்வளவு என்று சொல்லவில்லை, பயணிக்கு இவ்வளவு என்றே சொல்கிறது. அப்படியானால், ஒருவர் பெயரில் பதிவான பெட்டிக்குள் இன்னொருவரின் பொருளும் இருந்தால் என்ன ஆகும்? 2008இல் பார்சிலோனாவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த நால்வர் கொண்ட ஒரு குடும்பம் தம் உடைமைகளை இரண்டு பெட்டிகளில் வைத்திருந்தது. இரண்டும் தொலைந்தன. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. பெட்டி யார் பெயரில் பதிவாகியிருந்தாலும், அதற்குள் தன் பொருளை வைத்திருந்த ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியே இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு என்று 2012 நவம்பரில் அது தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் தன் பொருள் இருந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர் பயணிதான் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது.

இங்கேதான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நாளை பாரிஸ் விமான நிலையத்தில் உங்கள் பெட்டி வராமல் போய், அதற்குள் என்னென்ன இருந்தன என்று எழுதித்தரச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டினால், உங்களுடைய சட்டைகள் எத்தனை, அவை என்ன நிறம் என்று உங்களால் எழுத முடியுமா? பேனாவை மனைவியிடம் நீட்டுவீர்கள். உங்கள் கடிதமே அதைச் சொல்லிவிட்டது. உங்கள் ஷேவிங் செட்டை எடுத்து வைக்க மறந்தவர் நீங்கள். அதை அவருடைய மறதியாக எழுதுகிறீர்கள். எழுதும்போது கை சற்றும் தயங்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நியாயமாகப் பார்த்தால், ஒரு காலத்தில் இந்த ஏற்பாட்டில் ஒருவகைப் பங்கீடு இருந்தது. பெண் அடுக்கினாள், ஆண் தூக்கினான். தூக்குவது உண்மையிலேயே கடினமான வேலை. 1970இல் கரீபியன் தீவொன்றில் விடுமுறையைக் கழித்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பிய பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர், கனத்த பெட்டிகள் இரண்டோடு திண்டாடும்போது, விமான நிலைய ஊழியர் ஒருவர் பெரிய இயந்திரமொன்றைச் சக்கரப் பலகையில் அநாயாசமாக உருட்டிச் செல்வதைக் கண்டார். பெட்டிக்குச் சக்கரம் பூட்டி 1972இல் காப்புரிமை பெற்றார். கடைக்காரர்கள் முதலில் வாங்க மறுத்தார்கள். மனைவியின் பெட்டியைத் தூக்கிக்கொடுப்பதுதான் ஆண்மை என்ற எண்ணம் அன்று வலுவாக இருந்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி நீளும் கைப்பிடியையும் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பெட்டியை நிமிர்த்தி இழுக்கும்படி செய்தார். இன்றைய நான்கு சக்கரப் பெட்டியை ஒரு குழந்தைகூடத் தள்ளிக்கொண்டு போகும். ஆக, ஆணின் பங்கு அரை நூற்றாண்டில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. பெண்ணின் பங்கிலோ ஒரு குண்டூசி அளவும் குறையவில்லை. அங்கே குளிருமா, மழை பெய்யுமா, மாத்திரை எத்தனை நாளைக்கு வேண்டும், எந்தக் கால்சட்டைக்கு எந்தச் சட்டை என்று ஒரு வாரம் முன்பிருந்தே அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்குக்கு எவரும் இன்னும் சக்கரம் பூட்டவில்லை.

ஆண்களுக்கு அடுக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். என் சித்தப்பா விழுப்புரத்தில் ரயில்வே கார்டாக இருந்தார். பணிக்குச் செல்லும்போது அவருடைய பணிக்கருவிகள் அடங்கிய லைன் பாக்ஸ் என்ற பெட்டியும், கார்டு பயணம் செய்யும் பிரேக் வேனில் ஏறும். சிவப்பு, பச்சைக் கொடிகள், கைவிளக்கு, ஆபத்துக் காலத்தில் தண்டவாளத்தில் வைக்கும் வெடிகள், விதிப் புத்தகம் என அதில் இருக்கும் ஒவ்வொன்றையும் அவரே சரிபார்ப்பார். வேறொருவர் கை வைத்தால் கோபம் வரும். ஏற்றி இறக்கப் போர்ட்டர் இருந்தார், உள்ளே இருப்பவற்றுக்குப் பொறுப்பு மட்டும் அவருடையது. அதே மனிதர் குடும்பத்தோடு பாஸில் திருப்பதிக்குப் புறப்பட்டால், ரயில் திண்டிவனத்தைத் தாண்டுவதற்குள் “என் துண்டு எங்கே?” என்று சித்தியைக் கேட்பார். சித்தி சீட்டுக்கு அடியில் சங்கிலியால் பூட்டிய டிரங்குப் பெட்டியை இழுத்து, பூட்டைத் திறந்து, மூன்று பிள்ளைகளின் துணிகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்துத் தருவார். சித்தப்பாவுக்கு அடுக்கத் தெரியாதா என்ன? இந்தப் பெட்டி தன் பொறுப்பு என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, அவ்வளவுதான். அவர் மிக நல்ல மனிதர். நீங்களும் நல்லவர்தான் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

ஒரே பெட்டியில் நெருக்கம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அவருடைய புடவைக்கும் உங்கள் சட்டைக்கும் இடையே எது கசங்கும், எது கசங்காது என்று இருவரும் கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடி அடுக்கினால் அந்த நெருக்கம் உண்டு. ஒருவர் அடுக்க, மற்றவர் கைப்பேசியைப் பார்த்தபடி “முடிந்ததா?” என்று கேட்டுக்கொண்டிருந்தால் அங்கே நெருக்கம் எங்கிருந்து வரும்? திரும்பி வந்த பிறகு நடப்பதையும் யோசித்துப் பாருங்கள். பத்து நாள் அழுக்குத் துணியோடு வந்திறங்கும் அந்த ஒரே பெட்டியை உங்கள் வீட்டில் திறப்பது யார்?

எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தீர்கள். புரியவைக்க ஒன்றுமில்லை, அவர் கேட்ட பெட்டியை வாங்கிக் கொடுங்கள். ஆளுக்கு இரண்டு நாள் துணியை மாற்றி மற்றவர் பெட்டியில் வைத்துக்கொண்டால், ஒன்று தொலைந்தாலும் சமாளிக்கலாம். உங்கள் பெட்டியை முதல் துணியிலிருந்து கடைசி மாத்திரை வரை நீங்களே அடுக்குங்கள். ஏதாவது விட்டுப்போனால் பாரிஸில் கடைகள் உண்டு. அடுத்த கடிதத்தை உங்கள் மனைவி எழுதினால் இன்னும் மகிழ்வேன். ஊட்டியில் அன்று என்ன நடந்தது என்பதை அவர் தரப்பிலிருந்தும் கேட்க விரும்புகிறேன்.