குறைந்த செலவில் வீட்டு அலங்காரப் பொருட்களை நாமே செய்வது எப்படி?

கேள்வி கேட்டவர் வாடகை வீட்டில் இருக்கிறாராம். மாதம் இருநூறு முந்நூறு ரூபாய்க்கு மேல் இதற்கு ஒதுக்க முடியாது, வீடியோ பார்த்துச் செய்ததெல்லாம் கடைப் பொருளைவிட விலை கூடிவிட்டது என்று எழுதியிருக்கிறார். கூடத்தான் செய்யும். ‘குப்பையிலிருந்து கலைப்பொருள்’ என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் குளூ கன், அக்ரிலிக் பெயின்ட், செயற்கை முத்து, தங்க ஸ்ப்ரே. அதில் குப்பை என்று இருப்பது ஒரே ஒரு காலி பாட்டில்.

எனக்குக் குமரி மாவட்டத்தில் களியக்காவிளைப் பக்கம். வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் போனால் கேரளா. இங்கே முற்றத்தில் விழுந்து கிடப்பவை சிரட்டை, ஈர்க்கில், தென்னம்பாளை, சில்லாட்டை, ரப்பர் குரு. (சிரட்டை என்றால் கொட்டாங்குச்சி, சில்லாட்டை என்றால் பன்னாடை, ரப்பர் குரு என்றால் ரப்பர் மரத்துக் கொட்டை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.) உங்கள் ஊரில் வேறு ஏதாவது விழும், அதிலிருந்து தொடங்குங்கள். சென்னையில் அடுக்குமாடி வீடு என்றாலும் சட்னிக்கு ஒரு தேங்காய் உடைத்தால் இரண்டு சிரட்டை மிஞ்சுமே.

நான் அதிகம் செய்தது சிரட்டை விளக்குதான், அதை விவரமாகவே சொல்கிறேன்.

முற்றிய தேங்காயாக இருக்க வேண்டும். இளசின் ஓடு மெல்லியது, தேய்க்கும்போதே பொத்துக்கொள்ளும். வெட்டுகத்தியின் முதுகால் தேங்காயின் நடுவைச் சுற்றி, உருட்டி உருட்டித் தட்டினால் சரிபாதியாகப் பிளக்கும். கண் இருக்கும் பாதிதான் விளக்குக்கு. மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மிருதுவாக இருக்கும், முளை வெளியே வருகிற வழி அது. ஒரு ஆணியால் குத்தினால் போதும், ஒயர் நுழையும் ஓட்டை தயார், துளை போடும் மெஷினே வேண்டாம். ஐந்தாறு சிரட்டையை மெனக்கெட்டு துளைபோட்டுக் கெடுத்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

வெளியில் உள்ள நாரை முதலில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுங்கள். ஆசாரிமார் மரத்தைச் சுரண்டுவது போலத்தான். கையில் பழந்துணி சுற்றிக்கொள்ளுங்கள். பிறகு உப்புத்தாள்: சொரசொரப்பான 80 நம்பரில் தொடங்கி 150, 220, கடைசியில் நைசான 400. 80-ல் முக்கால் மணி நேரம் போகும், பொறுமை போவதும் அங்கேதான். அதில் அவசரப்பட்டால் பழைய கீறலெல்லாம் 400 போட்ட பிறகு பல்லிளிக்கும். 220 தாண்டும்போது கறுப்புக்குள்ளிருந்து செம்பழுப்பு வரி வரியாக எழும்பி வரும். இதற்குப் பெயின்ட் அடிக்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். விழுந்த தூளைக் கொட்டிவிடாதீர்கள். அதை ஃபெவிகாலில் குழைத்தால் விரிசல் அடைக்க அதே நிறத்தில் மாவு கிடைக்கும்.

முதல் தடவை நான் இதெல்லாம் செய்துகொண்டிருந்தபோது மாமி திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

“எதுக்கு மக்ளே அதப் போட்டு உரசிட்டு இருக்க? அடுப்பில வச்சா குளிக்கதுக்கு வெள்ளம் சுடும்லா?”

“லைட்டு செய்யப் போறேன் மாமி.”

“லைட்டா? சிரட்டையிலயா? செய்யி, செய்யி.”

அந்த முதல் விளக்கு மாமியின் சந்தேகத்தைத்தான் மெய்யாக்கியது. வீட்டில் கிடந்த ஜீரோ வாட் குண்டு பல்பைப் போட்டிருந்தேன். பேர்தான் ஜீரோ, இழுப்பது ஏறக்குறைய 15 வாட். கவிழ்த்த சிரட்டைக்குள் சூடு போக வழியில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கருகல் வாசனை. ஆகவே எல்இடி மட்டும், அதிலும் அரை வாட் ராத்திரி பல்பு. ஒயரை ஓட்டைக்குள் நுழைத்ததும் உள்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள், சிரட்டையின் பாரம் ஹோல்டரின் திருகில் விழாது. கரன்ட் இணைப்பு தெரியாதென்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இந்த இடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

ஓட்டின் வழியே வெளிச்சம் வராது, நேர் கீழேதான் விழும். சுவரில் புள்ளி புள்ளியாக விழ வேண்டுமானால் 3 மில்லிமீட்டர் துளைகள் போட வேண்டும். அதற்கு நான் பக்கத்து மரப்பட்டறையில் கொடுத்து ஒரு சாயா வாங்கிக் கொடுப்பதோடு சரி.

பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். தடவின அன்று ஜொலிக்கும். ஆனால் அது காயாத எண்ணெய். ஒரு மாதத்தில் தூசியை இழுத்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும். வெறும் எண்ணெய்க்குப் பதில் தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் மூன்று பங்கு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கி, ஆறியதும் துணியால் மெல்லிசாகத் தேய்த்துத் துடைத்தெடுங்கள். மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, அதனால் எங்களுக்கு மெழுகுக்குப் பஞ்சமில்லை. கிடைக்காத ஊரில் ஒரு கை வார்னிஷ் போதும்.

ஒரு தடவை நன்றாகச் சூடுபட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் இருபது விளக்கு கேட்டார்கள். ஆனி மாதம், விடாத மழை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. அவசரத்தில் உள்பக்கம் ஒட்டியிருந்த தேங்காய்த் தோலைச் சரியாகச் சுரண்டாமல், வெயிலும் காட்டாமல் கொடுத்துவிட்டேன். இரண்டே வாரத்தில் பதினான்கு திரும்பி வந்தன, உள்ளே வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து. கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது மாசி, பங்குனி வெயிலில் வருடத்துக்கு வேண்டிய சிரட்டையை உள்ளும் புறமும் சுரண்டிக் காயவைத்துச் சாக்கில் கட்டிவிடுகிறேன்.

ரப்பர் குரு பற்றி இரண்டு வரி. எங்கள் மலையோரத் தோட்டங்களில் காய் ‘டப்’பென்று வெடித்துச் சிதறும், தவிட்டு நிறத்தில் புள்ளிபோட்ட வழவழப்பான கொட்டை. துளையிட்டுத் தூண்டில் நரம்பில் கோத்தால் ஜன்னலுக்கு நல்ல திரை, காற்றில் மெல்லச் சலசலக்கும். உள்ளே இருக்கும் பருப்பு பச்சையாகத் தின்றால் நஞ்சு, கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம்.

டிசம்பர் வந்தால் எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டாத வீடு குறைவு. இப்போது பிளாஸ்டிக் நட்சத்திரம்தான் நிறைய. காகித நட்சத்திரம் கோணிப் போகும் என்று பயந்தே பலர் விட்டுவிட்டார்கள். கோணாமல் இருக்க ஒரு கணக்கு இருக்கிறது. 90 சென்டிமீட்டர் நீளத்தில் பத்து மூங்கில் பிளாச்சு எடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு முனையிலிருந்தும் 34.4 சென்டிமீட்டரில் பென்சில் கோடு. ஐந்து பிளாச்சை நட்சத்திரமாக அடுக்கி, குறுக்கே சந்திக்கும் இடமெல்லாம் கோட்டின் மேல் கோடு விழும்படி கட்டினால் ஐந்து கூரும் தானாகவே சமமாகிவிடும். வேறு அளவில் செய்வதானால் பிளாச்சு நீளத்தை 0.382 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இதேபோல் இன்னொன்று கட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே ஐந்து சந்திப்பிலும் 15 சென்டிமீட்டர் குச்சியை நட்டுவைத்து முட்டுக்கொடுத்தால் நட்சத்திரம் வயிறு உப்பி நிற்கும்.

தாள், பட்டம் விடுகிற மெல்லிய தாள். பசை, மைதாக் கஞ்சி. அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. துத்தம் விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள். ஒட்டிக் காய்ந்த பிறகு தாள் தொய்வாகத் தெரிந்தால் கை நனைத்து லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், காயும்போது பறைத்தோல் மாதிரி இழுத்துக்கொள்ளும். சாயம் போகிற தாளா என்று ஓரத்தில் முதலில் பார்த்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குள் பச்சைப் புல்லுக்குக் கடையில் பிளாஸ்டிக் பாய் விற்கிறார்கள். (எங்களுக்குக் குடில், செக்போஸ்ட் தாண்டினால் அதுவே புல்கூடு.) முளைப்பாரி வளர்க்கிற ஊர்க்காரர்களுக்கு இந்த வேலை தண்ணீர் பட்ட பாடு. டிசம்பர் 12, 13 வாக்கில் முளைகட்டிய நெல்லைச் சிரட்டைகளில் மண் போட்டுத் தூவி, தண்ணீர் தெளித்துவந்தால் 24-ஆம் தேதி ராத்திரி விரல் நீளத்துக்குப் புல். வெளிச்சத்தில் வைத்தால் பச்சை, இருட்டு அறையில் வைத்தால் வெளிர் மஞ்சள். இரண்டையும் கலந்து வைத்துப் பாருங்கள்.

கேள்வியின் கடைசி வரி, இதை விற்றுச் சம்பாதிக்க முடியுமா என்பது. ஒரு விளக்குக்கு ஹோல்டர், ஒயர், பல்பு, உப்புத்தாள் எல்லாம் சேர்த்து எனக்கு நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. கோயில் திருவிழாக் கடையில் 250-க்குப் போகும். மூன்று மணி நேர உழைப்புக்கு மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குடும்பம் நடத்த ஆகாது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவுக்கு ஆகும். உங்கள் வீட்டுக்கு மட்டும் செய்வதென்றால் 80 நம்பர் உப்புத்தாள் மட்டும் நாலு தாளாக வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் சீக்கிரம் தேயும்.

கருகிய முதல் சிரட்டையை மாமி தூக்கிப் போடவிடவில்லை. ஹோல்டரைக் கழற்றி, கண்ணை மெழுகால் அடைத்து, அதில் புளி போட்டு வைத்திருக்கிறார்கள்.