வைத்தியசாலை வலையமைப்புத் துறை பிள்ளைக்குச் சரிவருமா? திருகோணமலைத் தாயொருவருக்கான பதில்

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் தோற்றிய உங்கள் மகள் வைத்தியசாலைத் தகவல் முறைமைகள், கம்பியில்லா வலையமைப்பு என்ற பக்கம் போக விரும்புகிறாள். அதற்கு ஊரில் வேலை இருக்கிறதா, பேசாமல் வேறு ஏதாவது படிக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கட்டும் அம்மா. ஆனால் 'வைத்தியசாலை' என்ற பெயர் ஒட்டிய ஆறு மாதச் சான்றிதழில் தொடங்க வேண்டாம். முதலில் வலையமைப்பும் தரவுத்தளமும் கைக்குள் வரவேண்டும். வைத்தியசாலை அதற்கு மேல் கட்டவேண்டிய மாடி.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் எதைப் படிப்பது என்று முடிவெடுக்கலாம். வெளிநோயாளர் பிரிவில் நோயாளி பதிவாகிறார். ஆய்வுகூட முடிவு விடுதிக்குப் போகிறது. ஸ்கேன் படம் வைத்தியரின் திரைக்கு வருகிறது. மருந்துச் சீட்டு மருந்தகத்துக்குப் போகிறது. தாதி கையில் டெப்லெட்டுடன் கட்டில் கட்டிலாக நடக்கிறார். இவை எல்லாம் ஒரே வை-ஃபையில் ஓடினால், எது முதலில் போகவேண்டும், எது காத்திருக்கலாம் என்று தீர்மானிப்பதுதான் 'சேவைத் தரம்' என்ற பாடம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு சீடீ ஸ்கேன் துண்டுப்படம் பொதுவாக 512×512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட். அதாவது அரை மெகாபைட். 300 துண்டுகள் சேர்ந்தால் 150 மெகாபைட். கம்பியில்லா வழியில் உண்மையில் செக்கனுக்கு 20 மெகாபிட் (ஒரு பைட் என்றால் 8 பிட்) கிடைத்தால் அது வந்துசேர ஒரு நிமிடம் ஆகும். இன்னொரு பக்கம், 12 தடங்கள் கொண்ட ஈசீஜீ என்ற இதயத்துடிப்புப் பதிவைச் செக்கனுக்கு 500 தடவை, 16 பிட் அளவில் பதிந்தாலும் செக்கனுக்கு 96 கிலோபிட்தான். வை-ஃபை தொலைபேசியில் ஒரு குரல் அழைப்பும் ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய அதே அளவுதான் எடுக்கும். ஸ்கேன் படம் ஐந்து செக்கன் பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. குரல் ஒரு திசையில் 150 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தினால் பேசுகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பேசத் தொடங்குவார்கள். கண்காணிப்புக் கருவியின் அலைவடிவம் விட்டுவிட்டு வந்தால் தாதி அதை நம்பமாட்டார். ஆக, கொஞ்ச இடம் எடுப்பவைதான் காத்திருக்க முடியாதவை. கிண்ணியாப் பாலத்தை இரண்டு மடங்கு அகலமாக்கினாலும், அம்புலன்ஸுக்கு வழிவிடும் ஒழுங்கு இல்லையென்றால் நெரிசல் நேரத்தில் அது நிற்கத்தான் செய்யும். 'இன்டர்நெட் பெக்கேஜைக் கூட்டினால் சரி' என்று சொல்கிறவருக்கும் இந்தத் துறை தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வை-ஃபையில் வழிவிடும் ஒழுங்கு 2005இல் வந்த 802.11இ என்ற வை-ஃபைத் தரநியமத்தோடு சேர்ந்தது. அதிலிருந்து எடுத்த டபிள்யூஎம்எம் என்ற வசதி குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று நான்கு வகுப்புகள் வைத்திருக்கிறது. குரல் வகுப்புக் கருவி தன் முதல் முயற்சியில் 0 முதல் 3 வரையான கால இடைகளில் ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்து காத்திருக்கும். சாதாரண வகுப்பு 0 முதல் 15 வரை. இது சீட்டு ஒதுக்குவது அல்ல, முந்தும் வாய்ப்பைக் கூட்டுவது மட்டுமே. எல்லாக் கருவிகளையும் 'முக்கியம்' என்று குரல் வகுப்பில் போட்டால், நான்கே நான்கு இடைகளுக்குள் எல்லாம் மோதி, முன்னிருந்ததைவிட மோசமாகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இது. இன்னொன்று டபிள்யூஎம்எம்மை நிறுத்திவிடுவது. 802.11என் என்ற பிந்திய வை-ஃபைத் தரத்தின் உயர் வேகங்களுக்கு அது கட்டாயம் என்பதால், நிறுத்தியதும் இணைப்பு பழைய 54 மெகாபிட் எல்லைக்குள் விழுந்துவிடும்.

இதைவிட நுட்பமான பிழையொன்று உண்டு. வலையில் தரவு சிறு சிறு பொதிகளாகப் பிரிந்துதான் போகும். கம்பி வலையில் குரல் பொதிகளுக்கு 46 என்ற முன்னுரிமை எண் இடுவது வழக்கம். 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணில் அது 101110. பல கருவிகள் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்து 5 என்று வாசிக்கும். வை-ஃபையில் 5 என்றால் வீடியோ வகுப்பு. குரலுக்கு 6 வேண்டும். எல்லாம் சரியாக அமைத்தும் குரல் உடையும், காரணம் பிடிபடாது. 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தரநியம ஆவணம் இந்தப் பொருத்தத்தைத்தான் சீர்செய்கிறது. மகள் அதை ஒருமுறை முழுதாக வாசித்து விளங்கிக்கொண்டால் நேர்முகத் தேர்வில் அவளைத் தனியாகக் கவனிப்பார்கள்.

'சிஸ்டம் ஸ்லோ' என்ற முறைப்பாடு வந்தால் என்ன செய்வது என்பதையும் படிக்கும்போதே பழகவேண்டும். முதலில் மடிக்கணினியைக் கம்பியில் இணைத்துச் சேர்வருக்கு ஆயிரம் பிங் (போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சிறு சோதனைப் பொதி) அனுப்ப வேண்டும், பிறகு அதே இடத்தில் வை-ஃபையில். சராசரியைப் பார்க்கக்கூடாது, ஆகக் கூடிய தாமதத்தையும் தொலைந்த பொதிகளையும் பார்க்கவேண்டும். இரண்டிலும் ஒழுங்காக இருந்தும் பக்கம் திறக்கச் சுணங்கினால் பிழை பெரும்பாலும் சேர்வரிலோ தரவுத்தளத்திலோதான், வை-ஃபையைத் தொடவே தேவையில்லை. வை-ஃபையில் மட்டும் மோசமென்றால் சமிக்ஞையை அளக்கவேண்டும். குரலும் கண்காணிப்பும் ஓட −67 டிபிஎம் (சமிக்ஞை வலுவின் அலகு, பூச்சியத்துக்குக் கிட்டவென்றால் வலு கூட) அளவு வேண்டும் என்பது துறையில் பொதுவான கணக்கு. எக்ஸ்ரே அறையின் ஈயச் சுவருக்கு அப்பால் அது கிடைக்காது. அந்தப் பக்கத்துக்கு வை-ஃபை சமிக்ஞை தரும் தனிக் கருவி, அதாவது அணுகுமுனை வேண்டும். அடுத்தது சனல், அதாவது வை-ஃபை ஓடும் அலைவரிசை. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படாதவை 1, 6, 11 மூன்றுதான். யாராவது 3இலோ 8இலோ ரவுட்டர் வைத்திருந்தால் அது இரண்டு சனலைக் கெடுக்கும். பிறகு பொதிகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் மறு அனுப்பல்களின் வீதத்தைப் பார்க்கலாம். பத்தில் ஒன்றைத் தாண்டினால் காற்றில் நெருக்கடி. திருகோணமலையில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். கடற்காற்றில் வெளிப்புற இணைப்பிகள் உப்பேறித் துருப்பிடிக்கும். மென்பொருளில் எவ்வளவு தேடினாலும் அந்தப் பிழை அகப்படாது.

இதற்கெல்லாம் வீட்டிலேயே பயிற்சி எடுக்கலாம், செலவும் கொஞ்சம்தான். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்கும் பழைய ரவுட்டர் ஒன்றும் இரண்டு மடிக்கணினிகளும் போதும். ஒன்றில் ஓர்தாங்க் என்ற இலவச ஸ்கேன் படச் சேர்வரை நிறுவி, பெரிய படத்தொகுதியை அனுப்பிக்கொண்டே இரண்டுக்கும் இடையில் குரல் அழைப்பு எடுத்துப் பார்க்கட்டும். முன்னுரிமை எண் இடாமல் ஒருமுறை, இட்டு ஒருமுறை. தாமத ஏற்ற இறக்கத்தை அளந்து வரைபடமாக்கட்டும். பிறகு ஓபன்எம்ஆர்எஸ் என்ற இலவச நோயாளிப் பதிவு மென்பொருளை நிறுவி, நோயாளிப் பதிவிலிருந்து மருந்து வரை ஒரு முழுச் சுற்றை ஓட்டிப் பார்க்கட்டும். மருத்துவத் தரவைப் பரிமாறும் எச்எல்7, ஃபயர், ஸ்கேன் படங்களுக்கான டைகொம் ஆகிய மூன்று தரநியமங்களும் என்ன வேலை செய்கின்றன என்று அப்போதுதான் விளங்கும். இந்த அளவீடுகளைப் பத்துப் பக்க அறிக்கையாக எழுதி வைத்துக்கொண்டால், வேலை தருபவர் முன் அது ஒரு சான்றிதழைவிடக் கூடப் பேசும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: தெரிந்த தாதியிடமோ வைத்தியரிடமோ வாங்கிய உண்மையான நோயாளித் தரவைப் பயிற்சிக்கு எடுக்கவே கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தரவு விசேட வகைக்குள் வருகிறது. சின்தியா என்ற மென்பொருள் கற்பனை நோயாளிகளை வேண்டிய அளவு உருவாக்கித் தரும்.

படிப்புக்கு வருவோம். தொழில்நுட்பப் பிரிவினருக்கு நேரான வழி தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியல் பட்டம். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அது உண்டு. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் இருக்கிறது. ஆனால் அதற்குக் கேட்கும் பாடங்கள் மகள் செய்த பாடங்களோடு பொருந்துகின்றனவா என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வாண்டுக் கைநூலில் வரிவரியாகப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது என்பதை வைத்து விண்ணப்பிக்க வேண்டாம். இசட் புள்ளி கைகொடுக்காவிட்டால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பிஐடி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) பட்டத்தை வேலை செய்துகொண்டே படிக்கலாம். அதன் பரீட்சை ஆங்கிலத்தில். இப்போதிருந்தே ஆங்கில வாசிப்பைக் கூட்டவேண்டும். பட்டப்பின் மருத்துவப் படிப்பு நிறுவகத்தில் உள்ள உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணி மருத்துவப் பட்டதாரிகளுக்கானது. பெயரைப் பார்த்து அதை இலக்காக வைத்துவிடாதீர்கள்.

வேலை விடயத்தில் உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். ஊரில் உள்ள ஒரு வைத்தியசாலையில் இந்தப் பெயரிலேயே பதவி காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். அரச துறைக்குள் போக இலங்கைத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பச் சேவை என்ற வழி உண்டு. வர்த்தமானியில் அறிவித்தல் வந்து போட்டிப் பரீட்சை எழுதவேண்டும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை வீட்டில் இருக்கக் கூடாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களின் வை-ஃபையைப் பராமரிக்கும் வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள். பல கட்டடங்கள், ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தபடி பேசும் தொலைபேசிகள், மின்வெட்டு, உப்புக்காற்று எல்லாம் அங்கேயும் உண்டு. இரண்டு வருடம் அங்கே கைப்பழக்கம் வந்தவளை, வைத்தியசாலைகளுக்கு மென்பொருளும் வலையமைப்பும் போட்டுக்கொடுக்கும் கொழும்பு நிறுவனங்கள் எடுக்கும். அந்த வேலையில் ஒரு பகுதியை இங்கிருந்தே செய்யவும் முடியும். இரவில் அழைப்பு வரும் வேலை என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வைத்தியசாலை ஐந்து மணிக்கு மூடுவதில்லை.

தனியார் நிலையம் எதிலாவது பணம் கட்டுவதற்கு முன், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அது பதிவாகியிருக்கிறதா, சான்றிதழ் எந்த என்வீகியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டத்துக்குரியது என்று எழுத்தில் கேளுங்கள். 5ஆம் மட்டம் என்றால் டிப்ளோமா. அதற்குக் கீழே இருப்பதை டிப்ளோமா விலைக்கு வாங்காதீர்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போய் அவர்களுடைய ஆய்வுகூடத்தைப் பாருங்கள். அமைத்துப் பழகுவதற்கான சுவிட்ச், அணுகுமுனை என்பவை கண்ணில் படாமல், ஸ்லைட் காட்டும் திரை மட்டும் இருந்தால் அங்கே கட்ட வேண்டாம்.