வெறும் தாள், வெண்பனி

கேள்வி: போலந்து ஓவியர் ஜூலியன் ஃபலாட்டை அடிக்கடி புகழ்கிறீர்கள். அவர் வெறும் நீர்வண்ண ஓவியர்தானே? எண்ணெய் வண்ண மேதைகளோடு அவரைச் சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் பெயர். யூலியன் ஃபவாட். போலிஷ் மொழியில் குறுக்குக்கோடு போட்ட 'எல்' எழுத்துக்கு வகர ஒலி. நாம் வலேசா என்று எழுதிய போலந்துத் தலைவரும் தம் ஊரில் வவென்சாதான். ஆங்கில உச்சரிப்பு வழியாகவே உலகத்துப் பெயர்களைப் படிக்கும் பழக்கத்தோடு எனக்கு நெடுநாள் சண்டை.

இனி உங்கள் 'வெறும்'. குறையாகச் சொன்னீர்கள், ஃபவாட்டின் கலையே அதில்தான் இருக்கிறது. நீர்வண்ணத்தில் பனிக்கு வெள்ளை பூச வேண்டியதில்லை. தாளை வெறுமனே விட வேண்டும். எந்த இடத்தைத் தொடக் கூடாது என்பது தூரிகையை நனைக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்; தொட்டுவிட்டால் அந்த வெண்மை திரும்பாது. பனிமேல் விழும் நிழலை நீலமாகவும் ஊதாவாகவும் தீட்டுவார். நடுவே கரிய ஓடை ஒன்று வளைந்து போகும். மிச்சத்தைத் தாள் பார்த்துக்கொள்ளும். 1885இல் உலகைச் சுற்றக் கிளம்பி ஜப்பானையும் பார்த்தவர். படத்தில் பாதியைக் காலியாக விடும் துணிச்சல் அங்கே உரம் பெற்றது என்றே நினைக்கிறேன்.

வெறுங்கை, வெறும் வயிறு, வெறும் பேச்சு என்று இந்தச் சொல்லை இல்லாமைக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம். ஆனால் கோடை இரவில் பாயை உதறிவிட்டு வெறுந்தரையில்தானே படுக்கிறோம்? நம் பத்திரிகையில் ஓரம் விட்டால் "தாள் வீண்" என்று கடிதம் போடுகிறவர்களுக்கும் இதுவே என் பதில்.

மேதைகளோடு சேர்க்கலாமா? போலந்தே சேர்த்துவிட்டது. எண்ணெய் வண்ணத்தில் யான் மதெய்கோ ஒரு மலை. அவருடைய 'குருன்வால்ட் போர்' ஏறக்குறைய 10 மீட்டர் அகலம். ஆளும் குதிரையும் ஈட்டியுமாக நெரியும். அவர் நடத்திய கிராக்கோவ் ஓவியப் பள்ளிக்கு 1895இல் இயக்குநரானவர் உங்கள் 'வெறும்' நீர்வண்ணக்காரர். மாணவர்களை வெட்டவெளிக்கு அழைத்துப்போய் இயற்கைக்காட்சி வரையவைத்த ஸ்தனிஸ்வாவ்ஸ்கி போன்றவர்களை ஆசிரியர்களாக்கினார். அவர் தலைமையில்தான் 1900இல் அது அகாதெமி ஆனது.

எண்ணெயிலும் வரைந்தவர்தான். நெப்போலியன் படை பெரேசினா ஆற்றைக் கடந்ததை வோய்சியெக் கொசாக் என்ற ஓவியருடன் சேர்ந்து, பார்ப்பவரைச் சுற்றி வட்டமாக நிற்கும் பிரம்மாண்டமான சுற்றுக்காட்சி ஓவியமாகத் தீட்டினார். அந்தத் திரைச்சீலையைப் பிற்பாடு துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள். போலந்தின் பிஸ்த்ரா கிராமத்தில் ஃபவாட் கடைசிவரை வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். போக வாய்த்தால் படத்திலுள்ள பனிக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், தாளின் சொரசொரப்பு தெரியும்.