விழாவுக்கு என்ன படம் வரும்? 500 ரூபாய் 'உறுதிப்பட்டியல்' வாங்கலாமா?

ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு வாசகியின் கேள்வி இது: "அடுத்த பெங்களூரு சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போக ஆசை. ஆபீஸில் மூன்று வாரம் முன்பே லீவு சொல்ல வேண்டும், ஆனால் அட்டவணை கடைசி நேரத்தில்தான் வருகிறது. பிரான்ஸின் கான் விழாவில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கிய படம் வருமா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா? ஒரு வாட்ஸ்அப் குழுவில் 'உறுதிப்பட்டியல்' என்று 500 ரூபாய்க்கு விற்கிறார்கள். டெலிகேட் பாஸோடு, அதாவது விழா அனுமதி அட்டையோடு, சேர்த்து 2,000 என்கிறார்கள். வாங்கலாமா? அக்கா பையனுக்கு 15 வயது, சினிமாப் பைத்தியம், அவனையும் கூட்டி வரலாமா?"

வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பட்டியலைத் தயாரிக்க யாரும் விழாக் குழுவுக்குள் ஒற்றன் வைத்திருக்கவில்லை. நவம்பரில் கோவாவில் என்ன ஓடியது, டிசம்பரில் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் என்ன ஓடியது என்று அந்தந்த விழாக்களே இலவசமாகப் போட்டு வைத்திருக்கும் பட்டியல்களை எடுத்து, கான், வெனிஸ் பரிசுப் படங்களை மேலே வைத்து, ஒரு பிடிஎஃப் ஆக்கினால் வேலை முடிந்தது. நம் ஊர் விழாவில் சுமார் 200 படங்கள் ஓடுகின்றன. 200 படம் ஓடும் இடத்தில் யார் எழுதினாலும் பாதி சரியாகத்தான் வரும், அதைக் காட்டி "போன வருஷம் நான் சொன்னது அப்படியே வந்தது" என்று அடுத்த வருஷமும் விற்பார்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது எந்தப் படம் எந்த நாளில் ஓடும் என்பது. அது அவர்களுக்கும் தெரியாது, பல நேரம் அட்டவணை போடுகிறவர்களுக்கே அந்த நிமிடம் வரை தெரியாது.

பாஸோடு சேர்த்து 2,000 என்பது இன்னும் மோசம். 2025 விழாவில் பொதுப் பாஸ் 800 ரூபாய்தான். மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் ஃபிலிம் சொசைட்டி (திரைப்படச் சங்கம்) உறுப்பினர்களுக்கும் 400. விழாவின் சொந்த இணையதளத்தில் உங்கள் படம், அடையாள அட்டை எல்லாம் கொடுத்து நீங்களே பதிவு செய்வதுதான் முறை. நடுவில் ஒரு ஆள் எதற்கு? அவரிடம் உங்கள் ஆதார் நகல் போகிறது என்பதையும் யோசியுங்கள். சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு வெளிநாட்டுப் படம் இங்கே வருமா வராதா என்பதைப் படத்தின் புகழ் தீர்மானிப்பதில்லை. அதன் இந்திய உரிமை யார் கையில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. படத்தை உலகம் முழுக்க விற்கும் சேல்ஸ் ஏஜென்ட் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் பாரிஸிலோ பெர்லினிலோ. இந்தியாவுக்கு இன்னும் விற்கப்படவில்லை என்றால் விழாக்காரர்கள் அவரிடம் பேசி, ஒரு திரையிடல் கட்டணம் கொடுத்து வாங்கி வரலாம். விற்றாகிவிட்டது என்றால் இங்கே வாங்கியவரின் சம்மதம் வேண்டும், அவர் தன் வியாபாரத்தைப் பார்ப்பார். இந்தியாவில் தியேட்டரில் ஓடி முடிந்த படம், ஓடிடியில் வந்துவிட்ட படம், இவை வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் பெயரோடு 'இந்தியா வெளியீடு' என்று கூகிளில் தேடினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், 500 ரூபாய் தேவையில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' 2024 மே மாதம் கானில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரி வாங்கியது. செப்டம்பரில் கேரளாவில் மட்டும் சில தியேட்டர்களில் வந்தது. அக்டோபரில் மும்பை மாமி விழாவின் தொடக்கப் படம். நவம்பர் 22 அன்று நாடு முழுக்க வெளியீடு. அதன் பிறகும் டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவில் ஓடியது. அப்படியென்றால் நான் மேலே சொன்னது பொய்யா? இல்லை. இந்த மாதிரிப் படத்துக்கு மல்டிபிளெக்ஸ்காரர்கள் கொடுப்பதே ஓரிரண்டு காட்சி, அதுவும் மதியம் பன்னிரண்டு மணிக்கு. விழாவில் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாலு பேரிடம் சொன்னால்தான் அந்த ஓரிரண்டு காட்சியாவது நிறையும், ஆகவே விழாவில் ஓடுவது விநியோகஸ்தருக்கு விளம்பரம். ஆனால் பெரிய நடிகர்கள் இருக்கிற, முந்நூறு நானூறு திரையில் போடப்போகிற படம் என்றால் அதே விநியோகஸ்தர் விழாவுக்குக் கொடுக்க மாட்டார், முதல் வார வசூல் அவருக்கு முக்கியம். ஆக நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. படம் சின்ன அளவில் வெளியாகப்போகிறதா, வெளியீட்டுத் தேதி விழாவுக்குப் பிறகு சில வாரங்களுக்குள் இருக்கிறதா. இரண்டுக்கும் ஆம் என்றால் வர நல்ல வாய்ப்பு உண்டு. தேதி விழாவுக்கு முந்தைய வாரம் என்றால் தியேட்டரிலேயே பார்த்துவிடுங்கள், லீவு மிச்சம். வெளியான பிறகு விழாவுக்கு வருவது கபாடியா படம் போல அந்த வருஷமே பேசப்பட்ட, இயக்குநரே நேரில் வந்து நிற்கிற படத்துக்குத்தான் நடக்கும், அதை நம்பி எல்லாப் படத்துக்கும் காத்திருக்கக் கூடாது.

உங்கள் தங்கப் பனைப் படத்தையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். கான் மே மாதம். நம் விழாவுக்குள் எட்டு ஒன்பது மாதம் ஆகிவிடுகிறது, அதற்குள் அந்தப் படத்துக்கு இங்கே ஆள் கிடைத்திருப்பார், ஓடிடி தேதி கூட வந்திருக்கலாம். கோவாவில் ஓடி, திருவனந்தபுரத்திலும் ஓடி, இன்னும் இந்தியாவில் வெளியாகாமல் இருந்தால் நம்புங்கள். இல்லையென்றால் அதை மையமாக வைத்து லீவு போடாதீர்கள்.

வந்தே தீரும் என்று நான் தைரியமாகச் சொல்வது வேறு வகைப் படங்களை. ஒவ்வொரு நாடும் ஆஸ்கருக்கு ஒரே ஒரு படம் அனுப்புகிறது அல்லவா, அதில் ஜார்ஜியா, மங்கோலியா, வடக்கு மாசிடோனியா மாதிரி நாடுகளின் படங்களை இந்தியாவில் யாரும் வாங்க மாட்டார்கள். அந்த நாட்டுத் திரைப்பட நிறுவனங்களுக்கோ எங்காவது திரையிட்டால் போதும் என்று இருக்கும். கோவா, திருவனந்தபுரம், சென்னை, புனே பட்டியல்களில் இரண்டு மூன்றில் இப்படி ஒரு படம் இருந்தால் பெங்களூருக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். பெர்லினில் அந்த வருஷம் பரிசு வாங்கிய படத்தை மறந்துவிடுங்கள். பெர்லின் நடப்பது பிப்ரவரியில், அதற்குள் யாரும் இங்கே தரமாட்டார்கள். அதற்கு முந்தைய பெர்லின் படங்கள்தான் நமக்கு வாய்க்கும். பழுது நீக்கி மீட்டெடுத்த பழைய இந்தியப் படங்களும் பெரும்பாலும் ஒன்றிரண்டு இருக்கும், அவற்றைத் தவற விடாதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இவ்வளவு கணக்குப் போட வேண்டியிருப்பதே ஒரு கூத்து. கோவா விழா நவம்பர் 20 அன்று தொடங்கும் என்று இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நம் விழாவைப் பாருங்கள்: 2022இல் மார்ச் 3, 2023இல் மார்ச் 23, 2024இல் பிப்ரவரி 29, 2025இல் மார்ச் 1, 2026இல் ஜனவரி 29. இடமும் ஒராயன் மாலிலிருந்து லூலூ மாலுக்குப் போனது. கர்நாடக சலனச்சித்ர அகாடமி நடத்துகிற, அரசாங்கம் காசு கொடுக்கிற விழா. விதான சௌதா படிக்கட்டில் முதலமைச்சர் விளக்கேற்றித் தொடங்கி வைக்கிற அளவுக்கு ஏற்பாடு செய்ய முடிகிறது, ஒரு அட்டவணையை மூன்று வாரம் முன்னால் இணையத்தில் போட முடிவதில்லை. தேதியே இப்படி மிதந்தால் சேல்ஸ் ஏஜென்ட் எப்படி வாக்குக் கொடுப்பார்?

இதற்கு மேல் டெல்லி வேறு. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தை விழாவில் காட்ட வேண்டுமென்றால், 1952 சினிமாடோகிராஃப் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு கொடுக்க வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் பெரும்பகுதி இந்த விலக்கில்தான் ஓடுகிறது. டிக்கெட் விற்காமல் டெலிகேட் பாஸ் என்று கொடுப்பதும் இதனால்தான். 2025 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் என்ன நடந்தது? விழா தொடங்கிய பிறகும் 19 படங்களுக்கு அனுமதி வரவில்லை. அதில் 1925இல் எடுத்த சோவியத் மௌனப் படம் 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்' கூட ஒன்று, நூறு வருஷமாக உலகம் முழுக்க சினிமா வகுப்பில் போட்டுக் காட்டுகிற படம்! சத்தம் எழுந்த பிறகு பெரும்பாலானவற்றுக்கு அனுமதி வந்தது, சிலவற்றுக்குக் கடைசி வரை வரவில்லை. ஆகவே பட்டியலில் பெயர் இருப்பது வேறு, படம் திரைக்கு வருவது வேறு. பாலஸ்தீனம் மாதிரி அரசியல் சூடு உள்ள படங்களில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் முதல் காட்சியிலேயே பார்த்துவிடுங்கள், மறு காட்சிக்குக் காத்திருக்க வேண்டாம். அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் படம் வந்த டிஸ்க்கைத் திறக்கும் டிஜிட்டல் சாவி நேரத்துக்கு வராமல் காட்சி ரத்தாவதும் உண்டு.

சரி, லீவு. எந்தப் படத்தையும் நம்பாமல் நாட்களை நம்பிப் போடுங்கள். முதல் நாள் பெரும்பாலும் தொடக்க விழாதான், படங்கள் மறுநாள் காலையிலிருந்து ஓடும், அன்றைக்கு லீவு வீண். சனி, ஞாயிறு எப்படியும் உங்களுடையது, ஆனால் கூட்டமும் அன்றைக்குத்தான், பேசப்படும் படத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். முக்கியமான படங்களுக்கு வழக்கமாக இரண்டாவது காட்சி இருக்கும், அது வார நடுவில் விழும். ஆகவே செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று முழு நாள் எடுத்தால் போதும். ஒயிட்ஃபீல்டிலிருந்து அரை நாள் லீவில் வரலாம் என்று நினைக்காதீர்கள். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் மெஜஸ்டிக் வந்து சேர்வதற்குள்ளேயே மதியக் காட்சிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். விழாத் தேதி அறிவித்த அன்றே லீவைச் சொல்லிவிடுங்கள், பட்டியலுக்காகக் காத்திருந்தால் மேனேஜரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும். அட்டவணை வந்ததும் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தினமும் காலையில் அரங்கில் ஒட்டியிருக்கும் மாற்றப்பட்ட தாளையும் பாருங்கள், இணையத்தில் ஒன்றும் அங்கே ஒன்றும் இருக்கும்.

அக்கா பையனுக்கு வழியில்லை. தணிக்கை ஆகாத படங்கள் என்பதால் இந்த மாதிரி விழாக்களில் 18 வயது ஆகாதவர்களுக்குப் பாஸ் கொடுப்பதில்லை. யாராவது 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லி அதற்கும் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், வாசலில் அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், பையனுக்குத்தான் அவமானம். பனசங்கரியில் சுசித்ரா ஃபிலிம் சொசைட்டி இருக்கிறது, 1971இலிருந்து நடக்கிறது. அங்கே போடும் படங்களில் சான்றிதழ் உள்ளவற்றுக்கு அவனைக் கூட்டிப் போக முடியுமா என்று போன் போட்டுக் கேளுங்கள், நீங்களும் உறுப்பினர் ஆகிவிட்டால் அடுத்த விழாவுக்கு உங்கள் பாஸ் பாதி விலைக்குக் கிடைக்கும்.