கேள்வி – பதில்: கீரைக் குடும்பத்தில் ஒரு மரம்

கேள்வி: தண்டுக்கீரையின் குடும்பத்தில் மரமாக வளரும் பேரினம் ஏதும் உண்டா?

பதில்: உண்டு. சார்பென்டியேரா என்னும் பேரினத்தின் 6 இனங்களில் ஐந்து ஹவாய்த் தீவுகளுக்கே உரியவை. ஆறாவது பசிபிக் பெருங்கடலின் குக், ஆஸ்திரல் தீவுகளில் வளர்கிறது. ஹவாய் மக்கள் இப்பேரின மரத்தைப் பாபலா என்பர். நூல்சரமாகத் தொங்கும் பூங்கொத்தை உற்றுப் பார்த்தால்தான் கடுகளவே ஆன பூக்கள் தெரியும்.

என்னை மிகவும் ஈர்ப்பது இதன் கட்டைதான். உலர்ந்தால் மிக லேசாகி எளிதில் தீப்பற்றும் என்பதால், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயின் வடகரைச் செங்குத்துப் பாறை உச்சிகளிலிருந்து அக்காலத்தில் சிறப்பு நாள்களின் இரவில் எரியும் கிளைகளை வீசுவார்கள். கடற்காற்று ஏந்திக்கொள்ள, அவை பொறி சிதறியபடி மிதந்து கடலில் இறங்கும். இப்பேரினத்தில் கவாயில் மட்டுமே வளரும் டென்சிஃப்ளோரா இனம் இன்று அழிவின் விளிம்பில் நிற்பது பெரும் வருத்தம் தருகிறது.