தொட்டியைத் தேய்க்காதீர்கள்

(வீட்டுத் தோட்டத்தில் மீன் வளர்க்கும் வாசகர்களுக்குப் பள்ளத்தூரிலிருந்து ஆச்சி பதில் சொல்கிறார்.)

ஆச்சி, வணக்கம். பின்கட்டுத் தோட்டத்தில் ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டினேன். நாலு நாள் தண்ணீர் நிறுத்தி ஊறவைத்துக் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கழித்து 20 கோல்டு ஃபிஷ் விட்டேன். ஐந்து நாள் நன்றாக ஓடி விளையாடின. ஆறாம் நாள் மூன்று மிதந்தன. பயந்துபோய் தண்ணீரை முழுக்க இறைத்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, உடனே புதுத் தண்ணீர் விட்டேன். ஒரே வாரத்தில் இன்னும் பதினொன்று போய்விட்டன. மிச்சம் ஆறு. தண்ணீர் என்னவோ கண்ணாடி மாதிரி இருக்கிறது. என்ன தப்பு செய்தேன்?
– ஒரு வாசகர், தேவகோட்டை

தம்பி, 'தேய்த்துக் கழுவி' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். நானும் தேய்த்தவள்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால், மார்கழியில் பிள்ளையார் நோன்புக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள் என்று வீட்டை அலசி விட்டேன். ஆத்தங்குடிக் கல் பளபளவென்று ஆன பிறகும் கை நிற்கவில்லை. தோட்டத்துத் தொட்டியில் பாசி வழவழவென்று இருந்தது. தேங்காய் நாரை எடுத்துச் சுவர் முழுக்கத் தேய்த்து, வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் வைத்துத் துணி மாதிரி அடித்துத் துவைத்து, புதுத் தண்ணீர் விட்டேன். சாயங்காலம் எல்லாரும் நோன்பு இழை (மாவில் வைத்து ஏற்றின திரி) எடுத்துக்கொள்ள வளவு முற்றத்தில் கூடியிருந்தோம். பேரன் ஓடி வந்து, "ஆயா, மீனெல்லாம் மேலே வந்து வாயை வாயைப் பிளக்குது" என்றான். விடிவதற்குள் ஒன்பது செத்துவிட்டன. மூன்று வருஷம் வளர்த்த மீன்கள்.

நான் துவைத்து எறிந்தது அழுக்கு இல்லை. தொட்டியின் உயிரையே எறிந்துவிட்டேன். மீன் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். தின்னாமல் விட்ட இரை அழுகினாலும் அதுவேதான். அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, செடி எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு நுண்ணுயிரும் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. சுவர், கூழாங்கல், பஞ்சு என்று எங்கெல்லாம் கைக்கு வழவழப்பாகத் தட்டுப்படுகிறதோ அங்கே குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை வந்து பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் 20 மீனை விட்டால், உறைமோர் ஊற்றாத பாலைத் தயிர் என்று பரிமாறின கதைதான்.

உங்கள் விஷயத்தில் முதலில் போன மூன்றுக்கும் காரணம் அம்மோனியா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குழாய்த் தண்ணீரில் கலக்கிற குளோரின் என்றால் விட்ட அன்றைக்கோ மறுநாளோ தெரிந்திருக்கும். நீங்கள் இரண்டு நாள் பொறுத்திருக்கிறீர்கள், அதற்குள் அது ஆவியாகியிருக்கும். ஐந்து நாள் நன்றாக இருந்து ஆறாம் நாள் சாவது சேர்ந்துகொண்டே போன நஞ்சின் வேலை. கூடவே புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டியிருக்கும். காரம் கூடக் கூட அதே அளவு அம்மோனியா பல மடங்கு கடுமையாகும். வெயிலும் அப்படித்தான் செய்யும். இரண்டாம் தடவை நீங்கள் உடனே விட்ட குழாய்த் தண்ணீரில் குளோரினும் சேர்ந்துகொண்டது. அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருந்த கொஞ்ச நஞ்ச நுண்ணுயிரும் தேய்த்ததில் போயிற்று. கண்ணாடி மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, தம்பி.

சரி, மிச்சமிருக்கிற ஆறைக் காப்பாற்றுவோம். இரண்டு நாள் இரை போடவே வேண்டாம், பட்டினியில் சாகாது. அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு மட்டும். ஒரு டிரம்மில் குழாய்த் தண்ணீர் பிடித்து மூடாமல் இரண்டு நாள் வையுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் தொட்டியில் கால் பங்கை இறைத்துவிட்டு அதை ஊற்றுங்கள். போர் தண்ணீர் என்றால் குளோரின் தொல்லை இல்லை. ஆனால் ஆழத்திலிருந்து வருவதில் பிராணவாயு குறைவு. குழாயை உயரத்தில் பிடித்து, சிதறி விழுகிற மாதிரி விடுங்கள்.

உங்கள் தொட்டி 48 கன அடி. கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம் என்று வைத்தால் ஏறக்குறைய 1,350 லிட்டர். ஒன்றேகால் கிலோ கல்லுப்பை ஒரு வாளியில் கரைத்து, ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று நாளில் பிரித்து விடுங்கள். நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதை அது மட்டுப்படுத்தும். உப்பு ஆவியாகிப் போகாது. அதனால் எத்தனை தண்ணீரை இறைத்தீர்களோ அதற்கு மட்டும்தான் திரும்ப உப்பு. ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்றும்போது வேண்டாம்.

மீன் கடையில் பிஎச் (காரத்தன்மையின் அளவு), அம்மோனியா இரண்டுக்கும் சொட்டு விட்டு நிறம் பார்க்கிற சோதனைப் பெட்டி கேட்டு வாங்குங்கள். பிஎச் எட்டரைக்கு மேல் காட்டினால் சுண்ணாம்பு இன்னும் கசிகிறது. ஆறு மீனையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றிவிட்டு, சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் ஊறவைத்துக் கொட்டுங்கள். அப்படி மூன்று முறை. நீங்கள் நாலு நாள் ஒரே தடவை ஊறவைத்தது போதாது. எங்கள் கொத்தனார் வாழை மரத்தைத் துண்டு போட்டு ஊறப்போடச் சொன்னார். போட்டேன். அதனால்தான் சரியானதா, மூன்று தடவை கொட்டியதால் சரியானதா என்று கேட்டால், கொட்டியதற்குத்தான் என் ஓட்டு.

மீன் வளர்க்கிற வீடு எதையாவது தெரிந்தால், அவர்கள் வடிகட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து உங்கள் வடிகட்டியில் போடுங்கள். ஈரம் காயாமல் கொண்டு வர வேண்டும். அதுதான் உறைமோர். நோய் இல்லாத தொட்டியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு வாளி மொண்டு, அதில் இரண்டு தடவை பிழிந்தால் போதும். குழாயடிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

ஆறு வாரம் புது மீன் வாங்காதீர்கள். அதன் பிறகும் எட்டுப் பத்துக்கு மேல் அந்தத் தொட்டி தாங்காது. கோல்டு ஃபிஷ் விரல் நீளத்தில் வாங்கினது அப்படியே நிற்காது, உள்ளங்கையை மிஞ்சும். வாங்கி வருகிறதையும் இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். உடம்பில் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கிற மோட்டாரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் ராத்திரி அணைக்கிறீர்களோ என்று சந்தேகம். ஊரில் பாதிப் பேர் விருந்தாளி பார்க்கப் பகலில் போட்டு, படுக்கப் போகும்போது அணைக்கிறார்கள். தேவைப்படுவது ராத்திரிதான். 20 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் அரை யூனிட்டுக்குள். இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்கூட வராது.

அப்பத்தா காலத்துப் பித்தளை அண்டா ஒன்று பரணில் கிடந்தது. புளி போட்டு விளக்கி முற்றத்தில் வைத்திருக்கிறேன். வளவுத் தாழ்வாரத்து மழைத் தண்ணீரைப் பிடித்து அதில் கப்பி மீன் விட ஆசை. கொசுவுக்கும் ஆகும், பார்க்கவும் அழகாக இருக்கும். விடலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

விடாதீர்கள், தாயீ. ஈயம் பூசாத பித்தளையில் மோர் ஊற்றி வைப்பீர்களா? களிம்பு ஏறிவிடும் என்று அப்பத்தாவே கையைத் தட்டியிருப்பார்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். நமக்குத் தெரியாத அளவு செம்பு கரைந்தாலே மீனின் செவுள் தாங்காது. அதிலும் மழைத் தண்ணீர் மென்மையானது, உப்புச் சத்து இல்லாதது. அந்தத் தண்ணீரில் செம்பின் கடுமை இன்னும் கூடும். குடிக்கச் செம்புக் குடத்தில் வைக்கிறோமே என்று கேட்பீர்கள். நாம் அதைக் குடிக்கிறோம். மீன் அதைத்தான் மூச்சாக இழுக்கிறது.

அண்டாவை விட மனசில்லை என்றால் அதற்குள் அடங்குகிற பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி, விளிம்பு தெரியாமல் வையுங்கள். இல்லாவிட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டின கருங்கல் தொட்டி நம் பக்கத்து வீடுகளில் எங்காவது மூலையில் கிடக்கும். அதற்கு ஈடு கிடையாது. ஆண் ஒன்று, பெண் மூன்று விட்டால் போதும். மாதத்துக்கு ஒரு தடவை குட்டி போடும். ஆறு மாதத்தில் யாருக்குக் கொடுப்பது என்று நீங்களே எனக்கு எழுதுவீர்கள். கூரையிலிருந்து வருகிற முதல் மழையைத் தெருவுக்கு விட்டுவிடுங்கள். ஓட்டின் மேல் ஆறு மாதமாகக் கிடந்த புறா எச்சம் எல்லாம் அதில்தான் வரும்.

என் தொட்டித் தண்ணீர் கீரைக் கடைசல் மாதிரி பச்சையாகிவிட்டது. மயில்துத்தம் போட்டால் ஒரே நாளில் தெளியும் என்று ஒருவர் சொல்கிறார். போடலாமா?
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

தெளியும். மீனும் தெளிவாக மிதக்கும். மயில்துத்தம் என்பது செம்பின் உப்புதான், மேலே காரைக்குடிக்குச் சொன்னதைப் படித்துக்கொள்ளுங்கள். தப்பித்தவறி மீன் பிழைத்தாலும், பாசி மொத்தமும் ஒரே நாளில் செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவைத் தின்று தீர்த்துவிடும்.

பச்சைத் தண்ணீர் மீனுக்கு எதிரி இல்லை. பகலில் அந்தப் பாசிதான் பிராணவாயு விடுகிறது. ராத்திரி அதுவும் மூச்சு விடுகிறது, மீனும் விடுகிறது. கடைசியில் விடியற்காலையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதனால் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மீன்கள் அடியில் சும்மா நின்றால் பயமில்லை. மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கே மோட்டார் வாங்குங்கள். சித்திரை வெயிலில் இது இன்னும் மோசமாகும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான்.

பச்சைக்குக் காரணம் வெயிலும் இரையும். இரையைப் பாதியாக்குங்கள். மேற்பரப்பில் பாதியை நிழலாக்குங்கள். நான் அல்லி வைத்திருக்கிறேன். அகலமான மண் சட்டியில் தோட்டத்துச் செம்மண், மேலே இரண்டு விரல் கனத்துக்குக் கூழாங்கல். கல் போடாமல் வைத்தால் மீன் மண்ணைக் கிளறி, தொட்டி மொத்தமும் ஊருணி மாதிரி சிவந்துவிடும். (ஊருணித் தண்ணீரைத் தெளியவைக்க ஆத்தா மண் குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைப்பார்கள். குடத்துக்குச் சரி, தொட்டிக்கு எத்தனை படி கொட்டை வேண்டும்?) அல்லி இலை விரிந்து மூட ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை பச்சையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகாயத்தாமரை சீக்கிரம் மூடும் என்று யாராவது கொடுப்பார்கள். வாங்கினால் உங்கள் பாடு. கழித்துப் போடுவதை ஊருணியிலோ கண்மாயிலோ மட்டும் வீசாதீர்கள், வெயிலில் காயவைத்து எருக்குழியில் போடுங்கள். அலுத்துப்போன மீனையும் அங்கே கொண்டுபோய் விடக் கூடாது. வளர்ப்பு மீன் எதுவானாலும் இதுதான். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே தடை இருக்கிறது. சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மீன்கொத்தி தினம் ஒரு மீனைத் தூக்குகிறது. என்ன செய்வது?
– ஒரு மாணவி, புதுவயல்

வலை கட்டு, அம்மா. வலையைத் தொட்டி மேலே தொய்வாகப் போடாதே. தொய்ந்தால் பறவை கால் சிக்கிச் சாகும், பாவம். நாலு மூலையிலும் கழி நட்டு, ஒரு முழ உயரத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டு. அடியில் இரண்டு ஓட்டுத் துண்டைச் சாய்த்து வைத்தால் மீனுக்கு ஒளிய இடம் ஆகும். எங்கள் வீட்டு மீன்கொத்தி வலை கட்டின பிறகு நாலு நாள் துணிக்கொடியில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தது. இப்போது மேலவீட்டுத் தொட்டிக்குப் போகிறது. அவர்கள் இன்னும் என்னிடம் கேட்கவில்லை.